பெண் விரலுக்கென்று ஒரு வேலையா?

நம்பிக்கை: பெண்களுக்கு விரல் மென்மையானது, பொறுமை பிறவிக் குணம். தையல் மெஷினுக்கும் சின்னச் சின்ன மின்னணுப் பாகங்களைப் பொருத்தவும் அவர்கள்தான் சரி.

உண்மை: தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் பெண்களை வேலைக்கு எடுப்பது பற்றிப் பேசினால் இந்தக் காரணம் வந்துவிடும். அங்கிருந்து மேற்குத் தாம்பரம் கடைத்தெருவுக்கு வாருங்கள். ஜாக்கெட் தைக்கும் டெய்லர் கடைகளில் மெஷின் முன்னால் எத்தனை ஆண்கள்! ஊசியும் நூலும் அதேதான். அளவெடுத்து, வெட்டி, கடைக்கு முதலாளியாக இருந்தால் தையல் ஆணின் தொழில். நாள் முழுக்க ஒரே காலரைத் தைத்து மாதச் சம்பளம் வாங்கினால் பெண்ணுக்கு ஏற்ற வேலை. இதில் விரல் எங்கே வந்தது?

டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற ஆய்வாளர்கள் ஏற்றுமதி ஆலைகளைப் பற்றி 1981-லேயே இதை எழுதினார்கள். பெண்களின் கைவேகம் சிறுமிகளாக இருந்தபோதே வீட்டில் பழகி வந்தது. வீட்டில் பழகியதற்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் அதைத் திறமையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயிற்சியை இயற்கை என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நம்பிக்கை: இரவு வேலை பெண் உடம்புக்கு ஆகாது.

உண்மை: 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவு வேலைக்குத் தடை போட்டிருந்தது. மெப்ஸ் இருக்கும் அதே சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போன நர்ஸ்களின் நைட் டியூட்டியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உடம்பு ஒன்றுதானே? சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அந்தத் தடையை ரத்து செய்து, பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது.

நம்பிக்கை: படைக்குத் தலைமை தாங்கப் பெண்ணின் உடலமைப்பு இடம் தராது.

உண்மை: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் பெண் ராணுவ அதிகாரிகளின் நிரந்தரப் பணி வழக்கில் மத்திய அரசு உடல் வரம்புகள், தாய்மை, குடும்பப் பொறுப்பு என்று காரணங்களை அடுக்கியது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது.

உடலில் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. சராசரியாக ஆணின் தோள் வலு அதிகம். கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் பெண் உடல். ஆனால் சராசரியை வைத்து ஒருத்தியின் வேலையைத் தீர்மானிக்க முடியாது. எதிரில் நிற்பவளால் அந்த வேலை முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். பெற்ற குழந்தையைக் குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் அப்பாவின் கைகளுக்கும் தெரியும்.

உடலைக் காரணம் காட்டிக் கேட்க வேண்டியது வேறு. 2017-இல் மகப்பேறு பலன் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். உங்கள் கம்பெனியில் அந்தக் காப்பகம் இருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள், ஆண்களும் சேர்ந்து கேளுங்கள்.