கடையை மாற்ற முடியாத வாடிக்கையாளர்

பொருளியல் நூலிலே ‘போட்டி’ என்னும் அதிகாரத்தைப் படிக்கும்போது, ஒரு கடையில் விலை ஏறினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று படிக்கிறோம். கத்தரிக்காய்க்கும் சோப்புக்கும் இது முற்றிலும் பொருந்தும். நேற்று ஒரு கடை, இன்று வேறொரு கடை, கேட்பார் இல்லை. ஆனால் எல்லாப் பொருளும் கத்தரிக்காய் அன்று.

மாணவிகளே, வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனியின் பிரஷர் குக்கருக்கு இன்னொரு கம்பெனியின் கேஸ்கட் பெரும்பாலும் சேராது. கேஸ்கட் தேய்ந்துவிட்டால் அதே கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் பாத்திரக் கடையில் வாங்க வேண்டும். கேஸ்கட் விலை அதிகம் என்று கோபித்துக்கொண்டு கம்பெனியை மாற்ற நினைத்தால் குக்கரையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு விற்பனையாளரை விட்டு மற்றொருவரிடம் போவதற்கு நாம் கொடுக்க வேண்டிய இந்தக் கூடுதல் விலையைப் பொருளியலார் ‘மாறுதற் செலவு’ என்பர். அது பணமாக மட்டும் இராது. நேரமாக இருக்கலாம், பழக்கமாக இருக்கலாம், தோழியரின் நட்பாகவும் இருக்கலாம். மாறுதற் செலவு மிகுதியாகி, விருப்பம் இருந்தும் வெளியேற இயலாத நிலைக்கு வாங்கியவர் வந்துவிட்டால் அவர் ‘பூட்டப்பட்டார்’ என்பது வழக்கு.

இது புதிய தந்திரமும் அன்று. கணக்கிடும் எந்திரங்களை வாடகைக்குக் கொடுத்துவந்த ஐ.பி.எம். நிறுவனம், அவற்றில் இடும் துளையட்டைகளையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வேறு அட்டை இட்டால் எந்திரம் கெடும் என்பது அதன் வாதம். 1936ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அட்டையின் தரம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லலாம்; யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லக் கூடாது என்பதே அதன் சாரம். இன்றைக்கும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பல வழக்குகள் விளங்கும்.

நம் காலத்தில் இக்கேள்வி அதிகமாகப் பேசப்படுவது அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தைக் குறித்துத்தான். 2025 ஜனவரியில் உலகெங்கும் தன்னுடைய கருவிகள் 235 கோடி பயன்பாட்டில் இருப்பதாக அந்நிறுவனமே அறிவித்தது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐபோன்களைப் பொருத்தும் பணியில் இருப்போரும் பெரும்பாலும் இளம்பெண்களே. ஆகவே இது நமக்கு எட்டாத செய்தி அல்ல.

ஆப்பிளின் வழி தொடக்கத்திலிருந்தே ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. 1977இல் வந்த இரண்டாம் ஆப்பிள் கணிப்பொறியில் பிறர் செய்த அட்டைகளைச் செருகுவதற்கு எட்டு இடங்கள் இருந்தன. ஸ்டீவ் வோஸ்னியாக் அதை அப்படித் திறந்த கருவியாக வடிவமைத்தார். 1984இல் வந்த மாக்கின்டோஷோ மூடிய பெட்டி. செருகுமிடம் ஒன்றும் இல்லை. அதைத் திறக்கவே தனி வகைத் திருப்புளி தேவைப்பட்டது. இந்த இரண்டாம் வழியையே ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். கருவி, அதை இயக்கும் மென்பொருள், விற்கும் கடை ஆகிய அனைத்தும் ஒரே கையில் இருந்தால்தான் வேலை செம்மையாக அமையும் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

இவ்விடத்தில் நம் அருட்சகோதரிகள் புன்னகை புரியக்கூடிய ஒரு செய்தி உண்டு. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994இல் ஒரு வார இதழில் எழுதியபோது, மாக்கின்டோஷ் கத்தோலிக்கம் என்றும், அதற்குப் போட்டியான டாஸ் புராட்டஸ்டண்டு என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். ஒன்று படங்களைக் காட்டி, படிப்படியாகக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறதாம்; மற்றொன்று ஒவ்வொருவரையும் தாமே பொருள்கொண்டு தாமே முடிவெடுக்க விட்டுவிடுகிறதாம். விளையாட்டுப் பேச்சுதான். எனினும் ஒரு கணிப்பொறியைச் சமயத்தோடு ஒப்பிடும் அளவுக்கு அதன் பயனாளர் பற்றுக் கொண்டிருந்தனர் என்பதற்கு அது சான்று.

பூட்டு என்ற பேச்சு வலுத்தது ஐபாட் வந்த பிறகு. 2001 அக்டோபரில் வெளியான அந்தச் சிறு இசைப்பெட்டிக்கு, 2003 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு பாட்டுக் கடையையும் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். அங்கே வாங்கிய பாட்டு ஐபாடில் பாடும். மற்ற நிறுவனங்களின் பெட்டியில் பாடாது. நூறு பாட்டு வாங்கியவர் வேறு பெட்டிக்கு மாறினால் நூறு பாட்டையும் இழந்தார். நார்வே நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2006இல் இதை முறையற்றது என்றனர். ஆப்பிளின் பதிலையும் கேட்பது நியாயம். அந்தப் பூட்டைக் கேட்டவர்கள் இசைத்தட்டு நிறுவனங்களே என்றும், சராசரியாக ஓர் ஐபாடுக்குத் தம் கடையில் வாங்கப்பட்டவை 22 பாட்டுகள் மட்டுமே என்றும் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 2009இல் பாட்டுகளின் பூட்டு நீங்கியது. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு அவர் தம் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஒரு குறிப்பில், தம் பொருள்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து, வாடிக்கையாளரைத் தம் அமைப்புக்குள் மேலும் பூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். சாம்சங்குடன் நடந்த வழக்கில் 2014இல் அது வெளிவந்தது. விமரிசகர்கள் நெடுநாள் சொல்லிவந்த சொல்லை நிறுவனத் தலைவரே எழுதியிருந்தார் என்பதால் அது பலமுறை எடுத்துக் காட்டப்படுகிறது.

பெற்றோர்க்கு நன்கு தெரிந்தது மின்னேற்றும் கம்பியின் கதை. 2012இல் ஐபோன் 5 வந்தபோது, 2003 முதல் இருந்த அகன்ற முனை போய், லைட்னிங் என்ற சிறுமுனை வந்தது. பழைய கம்பிகளும் ஒலிபெருக்கிகளும் பயனற்றுப்போயின என்று பலர் வருந்தினர். எந்தப் பக்கம் செருகினாலும் சேருகிறதே என்று மகிழ்ந்தவரும் உண்டு. நாளடைவில் மற்றக் கைப்பேசிகள் எல்லாம் யு.எஸ்.பி.-சி முனைக்கு வந்துவிட்டன. ஐபோன் மட்டும் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வகைக் கம்பி! பயன்படாமலும் எறியப்பட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்னேற்றிகள் குப்பையாகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் கணக்கிட்டு, 2022இல் பொது முனைக்குச் சட்டம் இயற்றியது. சட்டம் கட்டாயப்படுத்தினால் புதுமை தடைப்படும் என்று ஆப்பிள் எதிர்த்துப் பார்த்தது. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 யு.எஸ்.பி.-சி முனையுடன் வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பழைய முனையுடைய மாதிரிகள் ஐரோப்பியக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. ‘லௌதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில் (2015) திருத்தந்தை பிரான்சிஸ் எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்தக் குப்பையிலே இந்தக் கம்பிகளும் கிடக்கின்றன.

இனி, கம்பியைவிடக் கடினமான ஒரு கட்டுக்கு வருவோம். 2011இல் ஆப்பிள் தன் கருவிகளுக்கிடையே மட்டும் செல்லும் ஐமெசேஜ் என்ற செய்தி முறையைத் தொடங்கியது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் செய்தி நீல நிறத்தில் தோன்றும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குப் போவது பச்சை. நம் நாட்டில் பெரும்பாலோர் வாட்ஸாப் பயன்படுத்துவதால் இது நமக்குத் தோன்றுவதில்லை. அமெரிக்காவில் அப்படியன்று. 2023 இலையுதிர் காலத்தில் பைப்பர் சாண்ட்லர் நிறுவனம் நடத்திய ஆய்வில், அந்நாட்டு இளவயதினரில் 87 விழுக்காட்டினர் தம்மிடம் ஐபோன் இருப்பதாகக் கூறினர். இத்தகைய வகுப்பில் ஒருத்தியிடம் மட்டும் ஆண்ட்ராய்டு இருந்தால் என்ன ஆகும்? அவள் சேர்ந்த குழுவின் உரையாடல் முழுவதும் பச்சையாகும், படங்கள் மங்கும், ஆகவே அவளைச் சேர்க்காமலே தோழியர் குழு அமைப்பர். உங்கள் வயதுப் பெண் ஒருத்திக்கு இது சிறிய செலவா? மாறுதற் செலவு நட்பாகவும் இருக்கலாம் என்று மேலே கூறியது இதைத்தான்.

இது தற்செயலாக நேர்ந்ததா? எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆவணங்களில், ஆப்பிளின் மென்பொருள் அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி 2013இல் எழுதிய ஒரு மின்னஞ்சல் இருந்தது. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பத்தார் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்பது அதன் கருத்து. 2022 செப்டம்பரில் ஒரு மேடையில், தம் தாயாருக்குக் காணொளி அனுப்ப முடியவில்லை என்று ஒருவர் முறையிட, தலைமை அதிகாரி டிம் குக், உங்கள் அம்மாவுக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார். கூட்டம் சிரித்தது. சிரிப்பதற்குரிய பதிலா அது என்று எனக்குத் தோன்றவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை, பல மாநிலங்களோடு சேர்ந்து, ஆப்பிள்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தபோது இச்செய்தி முறையும் குற்றச்சாட்டில் இடம்பெற்றது. குற்றச்சாட்டுகளை ஆப்பிள் மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்.சி.எஸ். என்ற பொதுமுறையை ஐபோன் ஏற்றுக்கொண்டதால் படங்கள் தெளிந்தன. நிறம் மட்டும் பச்சையாகவே நின்றது.

அப்படியானால் இத்தனை கோடி மக்கள் அறியாமல் ஏமாந்தவர்களா? அப்படி எண்ணுவது தவறு. அவர்கள் சொல்வதைக் கேட்போம். தொலைபேசியில் எடுத்த படம் கணிப்பொறியில் தானே வந்து நிற்கிறது. பழுது என்றால் யாரிடம் போவது என்று தெரியும், கருவி செய்தவர் மென்பொருள் செய்தவரைக் குறை கூற முடியாது. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது, ஏறக்குறையப் பத்தாண்டு! 2016இல் குற்றவாளி ஒருவரின் தொலைபேசிப் பூட்டைத் திறக்க உதவும் மென்பொருளைச் செய்து தருமாறு அமெரிக்கப் புலனாய்வுத் துறை கேட்டபோது, எல்லோருடைய பாதுகாப்பும் குலையும் என்று ஆப்பிள் மறுத்து நின்றது. வேலி உள்ளே இருப்பவரைத் தடுக்கிறது என்பது உண்மையானால், வெளியே இருக்கும் திருடனைத் தடுக்கிறது என்பதும் உண்மையே.

ஆயினும் வேலிக்குள் இருப்பவர் காவலரையே முழுதும் நம்பியிருக்க வேண்டும். 2017 டிசம்பரில், பேட்டரி பழையதான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. காரணம் சரியாகவே இருக்கட்டும். சொல்லாமல் செய்ததால், புதுத் தொலைபேசி வாங்க வைக்கவே செய்தார்கள் என்று எண்ணியவர் பலர். 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராகக் குறைக்கப்பட்டது. 2020இல் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

பூட்டைத் திறக்கச் சட்டத்தால் இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2011 ஜனவரி முதல் இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்கு முன் உறவினர், அலுவலகம், வங்கி அனைவருக்கும் புது எண்ணைச் சொல்ல வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத நிறுவனத்தோடு இருந்தவர்கள் எத்தனை பேர்!

மேற்படிப்புக்குப் போகும் மகளுக்கு முதல் கைப்பேசி வாங்கும் பெற்றோர், விலையையும் நிறத்தையும் பார்ப்பதோடு, பின்னாளில் மாறினால் எது கூட வரும் என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எண்களும் முகவரிகளும் எளிதாக வரும். ஐகிளவுடில் உள்ள படங்களை கூகுள் படத்தொகுப்புக்கு நேராக மாற்றும் வசதியை 2021 முதல் ஆப்பிளே தருகிறது. வாட்ஸாப் உரையாடல்களையும் இருபுறமும் மாற்றலாம். பணம் கொடுத்து வாங்கிய செயலிகள் வாரா. மறுபுறத்தில் மீண்டும் வாங்க வேண்டும். ஐபோனை விட்டு வெளியேறுகிறவர் ஐமெசேஜிலிருந்து தம் எண்ணை நீக்கிவிட வேண்டும். அப்படி நீக்காத பலருக்கு நண்பர்கள் அனுப்பிய செய்திகள் வந்து சேராமலே போயின. வழக்குகள் எழுந்த பின், 2014 நவம்பரில் அதற்கென ஓர் இணையப் பக்கத்தை ஆப்பிள் திறந்தது. கைக்கடிகாரமோ ஆண்ட்ராய்டுடன் இணைவதே இல்லை. தொலைபேசியை மாற்றினால் அதை ஐபோன் வைத்திருக்கும் வேறொருவருக்கு விற்றுவிட வேண்டியதுதான்.