நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஒடுக்குத் தெரியாத அடி

சைக்கிள் கடை, ட்ரோன் கடை, ஹெல்மெட் விளம்பரம் என்று எங்கே போனாலும் இப்போது கார்பன் ஃபைபர் பேச்சுதான். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இந்த வகைக் கலப்புப் பொருள். நம் தேஜஸ் போர் விமானத்தின் மேல்தோலிலும் பெரும்பகுதி இதுவே. பொருள் பரவிய வேகத்தில் அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் பரவிவிட்டன. சில நம்பிக்கைகளால் பணத்தோடு போகும். சிலவற்றால் உயிரே போயிருக்கிறது.

“கார்பன் ஃபைபர் எஃகைவிடப் பல மடங்கு வலுவானது”

எந்தத் திசையில் என்று கேட்காமல் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. டோரே நிறுவனத்தின் டி700 வகைக் கார்பன் இழையின் இழுவலிமை 4,900 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விளம்பரம் எழுதுகிறார்கள். ஆனால் வெறும் இழையால் யாரும் எதையும் கட்டுவதில்லை. இழைகளை எபாக்ஸி ரெசினில் தோய்த்து, மெல்லிய அடுக்குகளாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவைத்தால்தான் தகடு கிடைக்கும். எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும் தகட்டை, இழை ஓடும் வாக்கில் இழுத்தால் 2,000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். அதே தகட்டைக் குறுக்குவாக்கில் இழுத்தால் ஐம்பதை ஒட்டிய அளவிலேயே பிளந்துவிடும். விறகைக் கோடரியால் நெடுக்கில் பிளந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் அடுக்குகளை 0, 45, 90 பாகை என்று திசை மாற்றி வைக்கிறார்கள். இதனால் தகட்டின் பரப்பில் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஓர் அடுக்கின் இழை சுமையை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் இழையே கிடையாது. அங்கே பிடித்து நிற்பது ரெசின் மட்டும்தான்.

“மேலே கீறல்கூட இல்லை, உள்ளே என்ன ஆகியிருக்கப்போகிறது?”

இருக்கும் நம்பிக்கைகளிலேயே ஆபத்தானது இது. அலுமினியத் தகட்டில் சுத்தியல் விழுந்தால் ஒடுக்கு விழும். எங்கே பட்டது, எவ்வளவு பலமாகப் பட்டது என்பதை அந்த ஒடுக்கே சொல்லிவிடும். கார்பன் தகடு அப்படி நெளிவதில்லை. அடி பட்டதும் வளைந்து பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ஆனால் அடியின் ஆற்றலில் ஒரு பங்கு உள்ளே அடுக்குகளுக்கு நடுவே விரிசல்களாக இறங்கியிருக்கும்.

இதை அளப்பதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: ஏஎஸ்டிஎம் டி7136. 150-க்கு 100 மில்லிமீட்டர் அளவில், சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகட்டை வெட்டி எடுக்கிறார்கள். நடுவில் 125-க்கு 75 மில்லிமீட்டர் திறப்புள்ள சட்டத்தின் மேல் அதை வைத்து, ரப்பர் முனையுள்ள நான்கு பிடிகளால் அமுக்குகிறார்கள். மேலே, வழித்தண்டுகளில் 5.5 கிலோ எடை தொங்குகிறது. அதன் மூக்கு 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு அரைக்கோளம். தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்கு 6.7 ஜூல் என்பது கணக்கு. 5 மில்லிமீட்டர் தகட்டுக்கு 33.5 ஜூல் வேண்டும். அதற்கு அந்த எடை 62 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் போதும். முழங்காலுக்குச் சற்று மேலேயிருந்து ஒரு கருவிப்பெட்டி கைதவறி விழுவது கிட்டத்தட்ட இந்த அளவு அடிதான். விழுந்த எடை துள்ளி எழும்போது, மறுபடி தகட்டில் படாமல் தடுத்துப் பிடித்துவிட வேண்டும். இரண்டாவது அடி பட்டுவிட்டால் அந்த மாதிரியைக் கழித்துவிட வேண்டியதுதான்.

தகட்டை எடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் மேல்பக்கத்தில், விரலால் தடவினால் மட்டுமே தட்டுப்படும் ஒரு சிறு பள்ளம் இருக்கும். நாளாக ஆக, ஈரமும் சூடும் பட்டு, அந்தப் பள்ளமும் ஓரளவு மேலேறிவிடும். திருப்பினால் அடிப்பக்கத்தில் இழைகள் நெடுக்கில் பிளந்து கிளம்பி நிற்கும். விமானத்தின் இறக்கையில் இந்த அடிப்பக்கம் உள்ளே இருப்பதால் யார் கண்ணுக்கும் படாது. மீயொலி ஸ்கேனில் வைத்தால் முழுக்கதையும் தெரியும்: அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கீழே போகப்போக அந்தப் பிரிவு கூம்பாக அகன்றிருக்கும்.

அடுத்து ஏஎஸ்டிஎம் டி7137. அதே தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்கள் வளையாமல் பிடித்துக்கொண்டு மேலிருந்து அமுக்குவார்கள். அடிபடாத தகடு தாங்கியதில் பாதியைக்கூட அடிபட்ட தகடு தாங்காமல் போவதுண்டு. காரணம் எளிது. தடிமன் பாதியானால் ஒரு தகட்டின் வளைவிறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஆக, ஒரு தகடு நடுவில் இரண்டாகப் பிரிந்தால், இரு பாதிகளையும் சேர்த்தாலும் பழைய விறைப்பில் கால் பங்குதான் மிஞ்சும். அமுக்கும்போது பிரிந்த அடுக்குகள் தனித்தனியே பிதுங்கி நொடிந்துவிடுகின்றன. இழுக்கும்போது இழப்பு இவ்வளவு இராது. அதனால்தான் இழுத்துப் பார்த்த எண்ணைக் காட்டி “அடிபட்டாலும் தாங்கும்” என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

நம் கடற்கரைகளில் கிடக்கும் ஃபைபர் படகுகள் கண்ணாடி இழையால் ஆனவை. பெயின்ட் பூசாத இடத்தில் அடிபட்டால், அடுக்கு விட்ட இடம் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் கறுப்பு, அது எதையும் காட்டாது. கார்பன் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விழுந்து எழுந்ததும் ஃபிரேமை ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். ஆனால் நாணயத்துக்கு ஆழமான, சிறிய பிரிவுகள் அகப்படாது. கணீரென்று கேட்டது என்பதற்காக ஃபிரேமுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. ஹெல்மெட்டிலும் இதே விஷயம்தான். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை, ஒரு முறை நசுங்கித் தலையைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. வெளிஓடு பளபளவென்று இருந்தாலும், விபத்தில் அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிடாதீர்கள்.

“இலேசான பொருள் மோதி என்ன ஆகிவிடும்?”

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 வினாடிகூட ஆகவில்லை. வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையின் கார்பன் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவுதான். மோதியதைப் பூமியிலிருந்தவர்கள் படத்தில் பார்த்தார்கள். நுரைதானே என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

விசாரணைக் குழு அமைந்த பிறகும் நுரைத்துண்டு கார்பன் பலகையை உடைக்கும் என்பதை நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். குழு உறுப்பினர் ஸ்காட் ஹப்பர்ட் தலைமையில், டெக்சஸில் சான் அன்டோனியோ நகரத்துத் தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில் சோதனைகள் நடந்தன. அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் பலமுறை பறந்த 8ஆம் எண் முன்விளிம்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். 2003 ஜூலை 7 அன்று, அழுத்திய நைட்ரஜன் வாயுத் துப்பாக்கியால் 0.76 கிலோ நுரையை வினாடிக்குச் சுமார் 237 மீட்டர் வேகத்தில் அதன்மேல் செலுத்தினார்கள். பலகையில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேகம் இரு மடங்கானால் மோதல் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்த மோதலின் ஆற்றல் சுமார் 21,000 ஜூல். மேலே சொன்ன தகட்டுச் சோதனையைவிட அறுநூறு மடங்குக்கும் அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுரை இலேசாக இருந்ததே இங்கே கெடுதலாகிவிட்டது. பெயர்ந்த துண்டைக் காற்று சட்டென்று தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டது. பின்னால் வந்த இறக்கை முழு வேகத்தில் அதன்மேல் போய் மோதியது. கனமான துண்டாக இருந்திருந்தால் இவ்வளவு வேக வித்தியாசம் வந்திருக்காது.

விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணினியில் மதிப்பிட்டார்கள். ஆனால் அந்தக் கணிப்புமுறை, உண்மையான துண்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய துண்டுகளை மோதவிட்டுப் பெற்ற தரவுகளின் மேல் நின்றது. அந்த ஜூலை மாதச் சோதனையைப் பல ஆண்டுகளுக்கு முன்னே செய்திருக்க முடியும். யாரும் செய்யவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

“விமான எஞ்சினில் உறைந்த கோழியை எறிந்து சோதிப்பார்கள்”

எறிவது உண்மை, உறைந்தது என்பது கட்டுக்கதை. உறைந்த கோழி கல்லுக்குச் சமம். அதை எறிந்தால் பறவை மோதலைச் சோதித்ததாக ஆகாது. விமான வேகத்தில் பறவையின் உடல் கிட்டத்தட்ட நீர்மம்போலச் சிதறிப் பரவும். அதனால் உறையாத பறவை உடலையோ ஜெலட்டினால் செய்த மாற்றையோ பயன்படுத்துகிறார்கள். பெரிய எஞ்சின்களுக்கு 3.65 கிலோ வரை எடை.

கார்பன் இழையால் ரோல்ஸ் ராய்ஸ் மூழ்கியது என்ற கதையும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆர்பி211 எஞ்சினுக்குச் செய்த ஹைஃபில் என்ற கார்பன் விசிறி இதழ்கள் 1970-இல் பறவைச் சோதனையில் தேறவில்லை; டைட்டானியத்துக்கு மாறினார்கள். 1971 பிப்ரவரியில் நிறுவனம் நொடித்தது. ஆனால் அந்த எஞ்சினின் மொத்தச் செலவும் கைமீறிப் போயிருந்தது. இதழ் ஒரு காரணம் மட்டுமே. பொருளும் அதோடு செத்துவிடவில்லை. 1995-இல் பயணிகள் சேவைக்கு வந்த ஜிஇ90 எஞ்சினின் விசிறி இதழ்கள் கார்பன்தான். முன்விளிம்பில் மட்டும் டைட்டானியக் கவசம் போட்டார்கள்.

“இரும்பு என்றால் இந்தக் கவலை இல்லை”

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில், அலையில்லாத நீரில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதுக் கப்பல் நடுவில் இரண்டாக உடைந்தது. குளிரில் அந்த எஃகு நெளியும் தன்மையை இழந்து, படாரென்று உடையும் பொருளாக மாறியிருந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் இதை ஆராய்ந்து காட்டினார். இழுத்துப் பார்க்கும் சோதனையில் இது தெரியவராது. 10 மில்லிமீட்டர் சதுரத் துண்டில் 2 மில்லிமீட்டர் வெட்டுப் போட்டு, குளிர வைத்து, ஊசல் சுத்தியலால் அடிக்க வேண்டும். சார்ப்பி சோதனை என்ற பெயரில் அது 1901-இலிருந்தே இருக்கிறது.

“அப்படியென்றால் கார்பன் விமானத்தில் ஏறவே பயமாக இருக்கிறதே”

பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சேதம் இருக்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டே விமானத்தை வடிவமைக்கிறார்கள். பரிசோதனையில் அகப்படாத அளவுச் சேதம் விமானத்தின் ஆயுள் முழுக்க உள்ளேயே கிடந்தாலும், எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கை அது தாங்க வேண்டும் என்பது விதி. 2010 மார்ச் 28 அன்று 787-இன் இறக்கையை அந்த ஒன்றரை மடங்குக்கு வளைத்தபோது, நுனி சுமார் 7.6 மீட்டர் மேலே உயர்ந்தது, உடையவில்லை.

ஆனால் எந்த விதிக்கும் அடங்காத ஓர் அடி இருக்கிறது. விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வண்டி ரப்பர் முட்டோடு விமானத்தின் பக்கவாட்டில் இடித்துவிடுகிறது. அடி அகலமாகப் பரவுவதால் வெளித்தோல் உள்ளே வளைந்து, கீறலே இல்லாமல் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் வளையச் சட்டங்கள் உடைந்திருக்கலாம். இந்தச் சேதத்தை வடிவமைப்பு கணக்கில் எடுப்பதில்லை. இடித்தவர் சொல்வதை நம்பியே ஏற்பாடு இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயந்து அந்த ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டால் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே தானாக வந்து சொல்கிறவரைத் தண்டிக்காத ஏற்பாடு ஒவ்வொரு விமான நிலையத்திலும் இருந்தாக வேண்டும். எந்தக் கதவுக்குப் பக்கத்தில், எந்த உயரத்தில், என்ன வேகத்தில் இடித்தது என்று அவர் சொன்னால்தான் மீயொலிக் கருவியை எங்கே வைப்பது என்று பரிசோதகருக்குத் தெரியும்.