செம்பனைக் குலையும் ஹிஸ்டோகிராமும்: அக்கா தரும் டிப்ஸ்

தம்பி, தங்கச்சிகளா, படிவம் 5 கணிதத்தில் ஹிஸ்டோகிராம் வந்ததும் பட்டை வரைபடம் மாதிரி சந்து விட்டுத் தூண் தூணா வரையாதீங்க. தூண்கள் ஒட்டியே நிக்கணும்.

தஞ்சோங் காராங்குல வயல் பாதி, செம்பனை பாதி. நாம உதாரணத்துக்குச் செம்பனையையே எடுத்துக்குவோம். தோட்டத்துல குலையை ஒண்ணொண்ணா நிறுக்க மாட்டாங்க, எண்ணுவாங்க. எடை எல்லாம் ஆலையில லாரியோட சேர்த்துத்தான். பயிற்சிக்காக 40 குலையை நிறுத்ததா வச்சுக்குங்க. 5–9 கிலோ 4 குலை, 10–14 கிலோ 9, 15–19 கிலோ 14, 20–24 கிலோ 8, 25–29 கிலோ 5.

14-க்கும் 15-க்கும் நடுவுல இருக்கிற இடம் யாருக்கு? முழுக் கிலோவுக்கு மாத்தி எழுதினதால 14.6 கிலோ குலையும் 15-னுதான் ஏறியிருக்கும். அதனால 15–19 தூண் 14.5-ல தொடங்கி 19.5-ல முடியும். மலாய்த் தாள்ல ‘செம்பாடான் பாவா’ (கீழ் எல்லை), ‘செம்பாடான் ஆத்தாஸ்’ (மேல் எல்லை)னு கேக்குறது இந்த எண்களைத்தான். அட்டவணையில இதுக்கு ரெண்டு வரிசை முதல்லயே போட்டுடுங்க. கேள்வியில 2 செ.மீ.க்கு 5 கிலோன்னு அளவு கொடுத்திருந்தா அதையே வைங்க, சொந்த அளவு வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயம். சோம்பேறித்தனமா கடைசி ரெண்டு பிரிவையும் சேர்த்து 20–29, 13 குலைன்னு எழுதிட்டோம்னு வைங்க. உயரம் 13-னு வரைஞ்சா 14 குலை உள்ள தூணுக்குப் பக்கத்துல ஏறக்குறைய அதே உயரத்துக்கு, அதுவும் ரெண்டு மடங்கு அகலமா நிக்கும். பாக்கிறவங்க பெரிய குலைதான் அதிகம்னு நினைப்பாங்க. ஹிஸ்டோகிராம்ல கணக்கு பரப்புலதான். அகலம் ரெண்டு மடங்கானா உயரத்தைப் பாதியாக்கி 6.5 வைக்கணும். பள்ளிக் கேள்விகள் பெரும்பாலும் சம அகலத்துலயே வரும், ஆனா செய்தித்தாள்ல வர்ற வயது, சம்பளப் படங்களைப் பார்க்கும்போது இது கண்டிப்பா உதவும்.

வரைஞ்சாச்சு, அடுத்து படிக்கணும். நம்ம 40 குலைக்குச் சராசரி சுமார் 17.1 கிலோ, இடைநிலை 17.0. ரெண்டும் ஒட்டியிருக்கு, படமும் ரெண்டு பக்கமும் ஓரளவு ஒரே மாதிரி சரியுது. ‘சமச்சீருக்கு நெருக்கம்’னு ஒரு வரி எழுதினா போதும்.

படத்துல ரெண்டு மேடு வந்தா அவசரப்பட்டு சராசரி எழுதாதீங்க. இளமரத்துக் குலை சின்னது, முதிர்ந்த மரத்துக் குலை கனம். ரெண்டு வகை மரத்துக் குலையையும் கலந்து நிறுத்திருப்பாங்க. நடுவுல வர்ற சராசரி எடையில ஒரு குலைகூட இல்லாம போகலாம். தனித்தனியா பிரிச்சு வரைங்க.

இன்னொண்ணு, நிறுக்கிறவர் 10, 15, 20-னு அஞ்சின் மடங்காவே சொல்ற ஆளா இருந்தா பிரிவை 8–12, 13–17, 18–22-னு வைங்க. அந்த எண் பிரிவோட நடுவுல விழும், கூடக்குறைய சொன்னதும் அதே தூணுக்குள்ள அடங்கிடும். நிஜமாவே நிறுக்கப் போனா கையுறையும் தடிச்ச காலணியும் போட்டுக்குங்க, குலை முள் சும்மா விடாது.