களியும் பதினாலு வருஷமும்

"ஆயுள் தண்டனைதானே? பதினாலு வருஷம். பகலையும் ராத்திரியையும் தனித்தனி நாளாக் கணக்குப் போட்டா ஏழே வருஷம்!" டீக்கடை பெஞ்சில் இப்படி அனாயாசமாக விடுதலை கொடுத்துவிடுகிறார்கள். இரவுக்குத் தனிக்கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் உள்ளமட்டும் என்று கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. 14 என்ற எண் சட்டத்தில் இருப்பது வேறு காரியத்துக்காக. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு கழியாமல் அரசு விடக்கூடாது என்று 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அது கீழ்வரம்பு, ஊர் அதை மேல்வரம்பாக்கிவிட்டது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. ஏழாண்டு தண்டனைக்காரர் காலண்டரில் தேதியை அடித்துக்கொண்டே வரலாம். ஆயுள் கைதிக்கு அடிக்கத் தேதியே இல்லை. செப்டம்பர் பிறந்தால் அண்ணா பிறந்தநாளுக்கு விடுதலை அறிவிப்பு வருமா என்ற பேச்சுதான். 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஏராளமானோர் முன்விடுதலை ஆனார்கள். அந்த நம்பிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

களி, கல்லுடைப்பு இரண்டையும் சினிமாவுக்கே விட்டுவிடலாம். சோறு, சாம்பார், கோழிக்கறி எல்லாம் உண்டு. கடுங்காவல் என்றால் வேலை செய்தாக வேண்டும், அவ்வளவுதான். வேலூரில் ஷூ, கோவையில் தறி, புழலில் பேக்கரி. சிறைத்துறையின் பெட்ரோல் பங்கில் உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவர் கைதியாக இருந்திருக்கலாம். கூலியும் உண்டு.

'உள்ளே தனிமை, யோசிக்க ஏகப்பட்ட நேரம், மனுஷன் திருந்திவிடுவான்' என்பதுதான் படித்தவர்களின் நம்பிக்கை. அகமதுநகர் கோட்டையில் நேரு 1944-ல் புத்தகம் எழுதியதைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் அரசியல் கைதி, உடனிருந்தவர்கள் காங்கிரஸ் தலைவர்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்துவிட்டுக் கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதிய வ.உ.சி.யை வேண்டுமானால் சொல்லுங்கள்; ஆனால் அவரை அளவுகோலாக்கினால் யார் தேறுவார்கள்? சாதாரணக் கைதிக்குத் தனிமையே வாய்ப்பதில்லை. சாயங்காலம் தலையெண்ணிப் பூட்டினால் காலையில்தான் திறப்பு. அணையாத விளக்கு, பக்கத்துப் பாயின் குறட்டை, மூலையில் கக்கூஸ். அழுவதென்றாலும் நாலு பேர் பார்க்கத்தான் அழ வேண்டும். வீட்டார் 'மனு' போட்டுப் பார்க்க வந்தாலும் அதே கதை. கம்பிவலைக்கு இரு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், "அம்மாவுக்கு எப்படியிருக்கு?" என்பதை மூன்று தரம் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். புழல் போன்ற இடங்களில் இப்போது இன்டர்காம் வைத்திருக்கிறார்கள்.

'உள்ளே இருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகள்' என்பது மிகப் பெரிய தப்பு. இந்தியச் சிறைகளில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். சொந்த உடை உண்டு, கட்டாய வேலை இல்லை; சொகுசு போலத் தெரியும். வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை, பகல் நகர்வதும் இல்லை. அவர்களுக்கு இருப்பது அடுத்த வாய்தா மட்டுமே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, மரணமோ ஆயுளோ விதிக்க முடியாத வழக்கில் முதன்முறை சிக்கியவர், உச்சபட்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் கிடையாது. இதற்கு நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். உறவினர் உள்ளே இருந்தால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள்.