கயிற்று மீட்புக்குத் தகுதி பெறுவது எப்படி?

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறும் பாதையில் வாகனம் பள்ளத்தில் விழுந்தால், அடிபட்டவரை மேலே கொண்டுவரக் கயிறுதான் வழி. அந்தக் கயிற்றைப் பிடிப்பவருக்குத் துணிவோடு தகுதியும் வேண்டும். தீயணைப்பு வீரர்கள் அதைப் பெறும் படிகள் இவை.

1. நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். உலகின் பல தீயணைப்புப் படைகள் பின்பற்றும் அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ. 1006 மூன்று நிலைகளை வகுக்கிறது. முதல் நிலையினர் ஆபத்தை இனங்கண்டு, கூட்டத்தை விலக்கி, உதவி அழைப்பார்கள். இரண்டாம் நிலையினர் கயிறு கட்டி ஆளை இறக்குவார்கள், ஏற்றுவார்கள். சிக்கலான செங்குத்து மீட்பு மூன்றாம் நிலையினருக்கு உரியது. தன் நிலையைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது.

2. முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவர் சில நிமிடங்களிலேயே மயங்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

3. முடிச்சுகளைக் கைப்பழக்கமாக்குங்கள். எட்டு வடிவ முடிச்சையும் பிரூசிக் முடிச்சையும் இருட்டிலும் மழையிலும் கையுறையோடு போட வர வேண்டும். போட்ட முடிச்சை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

4. கயிற்றைக் கட்டும் பிடிமானத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகுங்கள். தேயிலைச் செடியை நம்பாதீர்கள். மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் மரத்தையும் சோதித்துப் பாருங்கள். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும்படி இரண்டு பிடிமானங்கள் வேண்டும். அவற்றிலிருந்து வரும் இரண்டு கயிறுகளுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகையானால் ஒவ்வொன்றிலும் சுமையின் 58 சதவீதம் விழும். 120 பாகையானால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க நேரும். கோணத்தை 90 பாகைக்குள் வையுங்கள்.

5. கருவிகளை அறியுங்கள். மீட்புக்கு அதிகம் நீளாத, உறையிட்ட கயிறு தேவை. தோட்டத்துத் தாம்புக்கயிறு உதவாது. பாறை விளிம்பில் கயிறு உரசாமல் தடுப்பு வையுங்கள். ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் கயிற்றை முழு நீளமும் தடவிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

6. தேர்வுக்குச் செல்லுங்கள். எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. தகுதியுள்ள மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். கட்டட, எண்ணெய்த் துறைகளில் கேட்கப்படும் ஐராட்டா (IRATA) சான்றிதழின் முதல் நிலைக்குக் குறைந்தது 4 நாள் பயிற்சியும் அதன்பின் மதிப்பீடும் உண்டு. அது 3 ஆண்டு செல்லும். ஆனால் அது தொழில் சார்ந்த கயிற்று வேலைக்கானது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் மீட்புப் பயிற்சியைத் தனியாகப் பெற வேண்டும்.

7. பயிற்சியை விடாதீர்கள். சான்றிதழ் சுவரில் தொங்கினாலும் பழகாத கை மறந்துவிடும். நிலையத்துக் கோபுரத்தோடு நிறுத்தாமல், மழை நாளில் உண்மையான சரிவிலும் முழு அணியாகப் பழகுங்கள்.

தோட்டத்து இளைஞர்களே, விபத்து நடந்தால் முதலில் போய்ச் சேர்பவர்கள் நீங்கள்தான். பயிற்சியில்லாமல் பள்ளத்தில் இறங்காதீர்கள். உடனே 110க்கோ 119க்கோ அழையுங்கள், ஆம்புலன்சுக்கு 1990. விழுந்த இடத்தைச் சரியாகக் காட்டி, விளிம்பில் கூட்டம் சேராமல் பாருங்கள். அதுவும் உயிர் காக்கும் வேலைதான்.