பாறையிற் பெய்த மழை

தூத்துக்குடி கடலால் வாழும் நகரம். பண்டை நாளில் தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் கொற்கை முத்துத் துறையாய் விளங்கிற்று. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகவே, இன்று அது உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கின்றது. பின்னர்த் தூத்துக்குடியில் ஓங்கிய முத்துக்குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. இந்நாளில் துறைமுகமும் உப்பளங்களுமே நகரின் செல்வம். உப்பு விளைய வெயில் வேண்டும், மழை ஆகாது. ஆயினும் உப்பு வாருவோர்க்கும் தாகம் உண்டன்றோ? அவர் பருகும் ஆற்றுநீர், அவர் கண்ணுக்கு எட்டாத பொதியமலைப் பாறைச் சரிவுகளில் பிறப்பது.

ஏறத்தாழ 1,868 மீட்டர் உயர்ந்த அம்மலை தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளையும் பெறுகின்றது. பெய்யும் மழையில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு ஓடும் என்று முன்னரே கணித்தல் எளிதன்று. செங்குத்தான சரிவில் மழைமானி வைப்பதும் அரிது. காற்று துளிகளை அள்ளிச் செல்வதால் வைத்த மானியும் குறைவாகவே காட்டும்.

சரிவின் பரப்பை அப்படியே அளப்பது மற்றொரு பிழை. மழையில் சாய்த்துப் பிடித்த தட்டில், நேராகப் பிடித்த தட்டினும் குறைந்த நீரே விழும். அவ்வாறே, 45 பாகை சாய்ந்த பாறையில் 141 சதுர மீட்டர் அளந்தாலும், நிலப்படத்தில் அது 100 சதுர மீட்டரே. ஆகவே 1 சென்டிமீட்டர் மழையில் அது பெறுவது 1,000 லிட்டர். 1,410 லிட்டர் அன்று.

விழுந்த நீரை நிலம் எவ்வாறு கொள்ளும்? அதனை ஒரு வாளியாகக் கருதினர் அறிஞர். 1969-இல் சுகுரோ மனாபே என்பார், உலகின் நிலம் முழுவதும் 15 சென்டிமீட்டர் நீர் கொள்ளும் வாளி எனக் கொண்டு தட்பவெப்பத்தைக் கணித்தார். அவருக்கு 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மலைக்கோ ஒரே வாளி போதாது. வழுக்குப் பாறைக்கு வாளியே இல்லை. சோலைக்காட்டு மண் பெரிய வாளி. பாறை வெடிப்போ மெல்லக் கசியும் வாளி.

ஒரு சரிவின் மண் 10 சென்டிமீட்டர் மழையைத் தாங்கும் எனக் கொள்க. அது வறண்டிருக்கையில் 8 சென்டிமீட்டர் பெய்தால் ஆறு அதனை அறியாது. மறுநாளும் 8 பெய்யின், ஆவியாவதை நீக்கிப் பார்த்தால், 6 வழியும். மூன்றாம் நாள் அந்த எட்டும் முழுதாய் வழிந்தோடும். மழை ஒன்றே, விளைவு மூன்று. எனவே இன்றைய மழையை மட்டும் அளப்பவன் வெள்ளத்தை அறியான். நேற்றைய மழையையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் மலையிலும் சமவெளியிலும் ஒருங்கே பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பாபநாசம், மணிமுத்தாறு முதலிய அணைகளிலிருந்து திறந்த நீரும் ஊர்களிற் பெய்த நீரும் சேரத் தாமிரபரணி கரை கடந்தது. திருவைகுண்டத்தில் தொடர்வண்டிப் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்திடையே சிக்கினர். தூத்துக்குடித் தெருக்களில் படகுகள் சென்றன. அணையின் மதகை எப்பொழுது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வோர்க்கு, மேலேயுள்ள வாளிகள் எவ்வளவு நிறைந்துள்ளன என்னும் கணக்கே அத்தகைய நாளில் வழிகாட்டுவது.

வெடிப்புகளிற் புகுந்த நீரோ விரைவதில்லை. மழையற்ற பங்குனியிலும் பாறையிடுக்கில் கசிந்து, ஓடையாகி, ஆற்றைச் சேர்கின்றது. வல்லநாட்டருகே எடுக்கப்பட்டுத் தூத்துக்குடிக் குடங்களில் நிறையும் கோடைநீரில், முந்தைய கார்த்திகையில் பெய்த மழையும் கலந்திருக்கின்றது.