பார்ட்டிஷன் அட்டவணையை முதலில் படி

அன்புள்ள தம்பிக்கு,

விண்டோஸ் 7 இருக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட்டையும் போட முயன்றாய். 50 ஜிபி காலியாக ஒதுக்கியும், இன்ஸ்டாலர் அந்த இடத்தை ‘அன்யூசபிள்’ என்று காட்டுவதாக எழுதியிருந்தாய். பயப்படாதே, டிஸ்க்கில் பழுது ஏதும் இல்லை.

டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு உள்ள இடம் 64 பைட்தான். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகளோடு அது முடிந்துவிடும். 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் முறை இது. விண்டோஸ் பூட் ஆக ஒன்று, சி டிரைவுக்கு ஒன்று, ரெக்கவரிக்கு ஒன்று, லேப்டாப் கம்பெனி வைத்த டூல்ஸுக்கு ஒன்று என உன் டிஸ்க்கில் நான்கும் நிரம்பியிருக்கும். எத்தனை ஜிபி காலியாகக் கிடந்தாலும் ஐந்தாவதைப் பதிய வழியில்லை.

விண்டோஸிலேயே ஐந்தாவதை உருவாக்கப் பார்த்தால், ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா?’ என்று கேட்கும். மாற்றாதே. மாற்றினால் மிண்ட் இன்ஸ்டாலருக்கு உன் பார்ட்டிஷன்கள் சரியாகப் புரியாது. பழையபடி ஆக்க, விண்டோஸ் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும்.

சரியான வழி இதுதான். டூல்ஸ் பார்ட்டிஷனில் உள்ளதைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு அந்தப் பார்ட்டிஷனை நீக்கு. ஒரு பதிவு காலியாகும். அந்த 50 ஜிபியை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன் போடு. விண்டோஸைப் போல, அட்டவணையில் நேரடியாகப் பதிவாகும் பிரைமரி பார்ட்டிஷன்தான் வேண்டும் என்று லினக்ஸ் அடம்பிடிக்காது. லாஜிக்கலிலிருந்தும் பூட் ஆகும். ரூட்டுக்கு ஒரே ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போதும். ஸ்வாப்புக்கென்று தனியாக ஒன்று தேவையில்லை. மிண்ட் அதை ஃபைலாக வைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறதோ, பென் டிரைவையும் அதே முறையில் பூட் செய். உன்னுடையது பழைய பயாஸ் முறை. யுஇஎஃப்ஐ முறையில் நுழைந்தால் இன்ஸ்டாலர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எங்கே என்று கேட்கும்.

நாளை புது லேப்டாப் வாங்கினால் இந்த நான்கு என்ற வரம்பு இருக்காது. அதில் இருக்கும் ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்கள் வரை போடலாம். ஆனால் அங்கே வேறு கவனம் வேண்டும். விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாதே. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும். பிட்லாக்கர் இயங்கினால் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்த பிறகே தொடங்கு.

எந்தக் கணினியானாலும், ‘டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற தேர்வு விண்டோஸையும் உன் ஃபைல்களையும் சேர்த்தே அழித்துவிடும். பென் டிரைவும் ஒரு டிஸ்க்காகவே பட்டியலில் தெரியும். ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், எத்தனை ஜிபி என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடு.

பார்ட்டிஷன்களின் பெயர், அளவு, வகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள். உன் ப்ராஜெக்ட் ஃபைல்களும் வீட்டுப் படங்களும் வேறொரு டிஸ்க்கில் நகலாகும்வரை ‘இன்ஸ்டால்’ பொத்தானைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்